நூலகருக்குத் தலைமைப் பயிற்சி: ஐந்து நாள் விடுதியா, ஒன்பது மாதத் திரையா?

நூலகத்தில் தலைமை இடத்தைப் பெரும்பாலும் யாரும் தேடிப்போய் வாங்குவதில்லை. ஒருநாள் அது தானாக வந்து மடியில் விழுகிறது. மூத்தவர் ஓய்வு பெறுவார், சாவிக்கொத்து கைமாறும், அவ்வளவுதான். நேற்றுவரை பகுப்பு எண் போடுவதிலும், வராத பருவ இதழுக்கு நினைவூட்டல் அனுப்புவதிலும் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர், இன்று காலை விடுப்பு விண்ணப்பத்துக்கும், ஒழுகும் கூரைக்கும், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு ஊழியர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார். நூலக நிர்வாகம் என்று ஒரு தாள் படித்திருப்போம். தேர்வு எழுதிய கையோடு மறந்தும் இருப்போம்.

அந்த நேரம் பார்த்துத்தான் 'நூலகர்களுக்கான தலைமைப் பயிற்சி' என்று ஒரு சுற்றறிக்கை மேசைக்கு வரும். போகலாமா? போவதென்றால் எந்த வகைக்கு? விடுதியில் தங்கிப் படிக்கும் பயிற்சி ஒன்றுக்கும், மாதக்கணக்கில் இணையவழி நடக்கும் பயிற்சி ஒன்றுக்கும் நான் போயிருக்கிறேன். எந்தப் பயிற்சியும் இல்லாமல் பொறுப்பு நாற்காலியில் உட்கார்ந்து அடிபட்ட காலமும் உண்டு. இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். தொழில் திறன், மனிதரோடு பழகும் திறன், முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் திறன் என்று 1955இல் ராபர்ட் காட்ஸ் பிரித்துக் காட்டிய மூன்றும் எப்படியும் ஒரு காலை வகுப்பில் வந்துவிடும். ஒரு நிறுவனத்தைக் கட்டமைப்பு, மனிதர், அரசியல், குறியீடு என நான்கு கோணங்களில் பார்க்கச் சொல்லும் போல்மன், டீல் இருவரின் முறையும் வரும். (நூலகர்கள் முதல் கோணத்திலேயே குடியிருப்பவர்கள். எந்தச் சிக்கலுக்கும் ஒரு புதுப் படிவம் அச்சடித்தால் தீர்ந்துவிடும் என்று மனதார நம்புகிறோம்.) மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை செய்பவர் என்று சுற்றிலும் உள்ளவர்களிடம் நம்மைப் பற்றிக் கருத்து வாங்கித் தருவதும் அனேகமாக எல்லா இடத்திலும் உண்டு. இதில் எதுவும் தப்பில்லை, ஆனால் ஒரு பயிற்சியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இவை இல்லை. இரண்டு கேள்விகள்தான் பிரித்துக் காட்டும்: நம்மோடு யார் உட்காரப் போகிறார்கள்? திரும்பி வந்ததும் எதில் கைவைக்க நமக்கு அனுமதி இருக்கும்?

விடுதிப் பயிற்சியிலிருந்து தொடங்குகிறேன். நூலகர்களை ஊர் அரவத்திலிருந்து பிரித்து எங்காவது கொண்டுபோய் வைத்துப் பயிற்சி தரும் வழக்கத்துக்கு ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலைப்பகுதியில் 1990இல் ஒன்று தொடங்கியது. பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவர்களையும் அனுபவசாலிகளையும் ஒரே இடத்தில் தங்கவைத்தார்கள். அதே வார்ப்பில் கனடாவில் 1994இலும், ஆஸ்திரேலியாவில் அரோரா என்ற பெயரில் 1995இலும் பயிற்சிகள் வந்தன. பல்கலைக்கழக, கல்லூரி நூலகர்களுக்கென ஹார்வர்டில் 1999இல் கோடைகாலப் பயிற்சி ஒன்று தொடங்கியது. தொலைபேசி அடிக்காத, வாசகர் வந்து நிற்காத ஒரு இடம் வேண்டும் என்பதுதான் இந்த மலைவாசத்துக்குப் பின்னால் இருக்கும் யோசனை. நூலகத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து யோசிக்க எவருக்கு வாய்த்திருக்கிறது?

நான் போனது ஐந்து நாள் பயிற்சி. இரண்டாம் நாள் காலை ஆளுக்கொரு தட்டு கொடுத்தார்கள். அதில் இருபத்துநான்கு காகிதங்கள். 'நீங்கள் இன்றுதான் தலைமை நூலகராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள், இது உங்கள் மேசையில் சேர்ந்து கிடப்பது, ஒரு மணி நேரம் இருக்கிறது' என்றார்கள். நிதி ஒதுக்கீடு குறைகிறது என்று ஒரு கடிதம், தரவுத்தளச் சந்தா உயர்கிறது என்று ஒன்று, இரவல் மேசை ஊழியர் மரியாதை இல்லாமல் பேசினார் என்று வாசகர் புகார் ஒன்று, விருந்தினர் வருகை பற்றி ஒன்று. நான் பரபரவென்று அடுக்கி, பதில் எழுதி, நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நடத்தியவர் எங்கள் பதில்களைப் பார்க்கவே இல்லை. 'கடைசியாகப் படித்த காகிதம் எது?' என்று மட்டும் கேட்டார். என்னுடையது ஒரு துண்டுச் சீட்டு. துப்புரவுப் பணியாளர் பென்சிலால் எழுதியது: 'வடக்குச் சுவர் ஓரம் கீழ்த்தட்டுப் புத்தகமெல்லாம் ஈரமா இருக்கு.' பழைய நூல்கள் இருக்கும் அறை அது. பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் போதும். நிதிக் கடிதத்துக்குப் பதில் போட இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. நான் அவசரத்தைப் பார்த்து அடுக்கவில்லை, கடிதத்தின் தலைப்பைப் பார்த்து அடுக்கியிருந்தேன். முத்திரை உள்ளது மேலே, பென்சில் எழுத்து அடியில். அந்த அறையில் முக்கால்வாசிப் பேர் அதையேதான் செய்திருந்தார்கள். பொருள்வாரியாகப் பகுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், தங்கள் மேசையை மட்டும் பதவிவாரியாகப் பகுத்து வைத்திருந்தோம்.

இன்னொரு அமர்வு இதைவிடக் கடுமை. ஒருவர் தன் சிக்கலை ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். பிறகு நாற்காலியைத் திருப்பிப்போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மற்றவர்கள் அவர் அங்கே இல்லாததுபோல இருபது நிமிடம் அதைப் பற்றிப் பேசுவார்கள். குறுக்கே பேசக்கூடாது, தலையாட்டக்கூடக் கூடாது. பருவ இதழ்ப் பிரிவை விட்டு நகர மறுக்கும் ஒரு மூத்த ஊழியரைப் பற்றிச் சொல்லிவிட்டு நான் சுவரைப் பார்த்தேன். ஐந்தாறு நிமிடம் கழித்து ஒரு குரல்: 'இவர் அந்த ஊழியரின் பெயரை ஆறேழு தடவை சொல்லிவிட்டார். அந்தப் பிரிவுக்கு வரும் வாசகரை ஒருதடவைகூடச் சொல்லவில்லையே.' யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. சுவரைப் பார்த்தபடி காது சூடாவது எப்படி என்று மட்டும் தெரியும்.

இதெல்லாம் தங்கிப் படிக்கும் பயிற்சியில்தான் நடக்கும். திரையில் இந்த அளவு வெட்கத்துக்கு யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள், கேமராவை அணைத்துவிடுவார்கள். மூன்று இரவு ஒரே இடத்தில் தங்கிய பிறகுதான், வேறு ஊர் நூலகத் தலைவர் தன்னால் சமாளிக்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுவார். அதைக் கேட்ட பிறகு நம் வாயும் திறக்கும்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் போகலாமே? சிக்கல் திங்கட்கிழமையில் இருக்கிறது. மலையிறங்கி வந்தபோது என்னிடம் பதினோரு பக்கத் திட்டம் ஒன்று இருந்தது. அப்போதைய மேலதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்தார், 'நல்லா இருக்கு, கோப்புல வையுங்க' என்றார். வைத்தேன். நான் இல்லாத ஐந்து நாள் வேலை குவிந்து கிடந்தது. சக ஊழியர்கள் 'என்ன, தலைமை கத்துக்கிட்டு வந்தாச்சா' என்று சிரித்தார்கள், அதில் தப்பும் இல்லை. மூன்று மாதத்தில் நான் பழையபடி முத்திரை பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாளில் எனக்கு உருப்படியாக மிஞ்சியது நான்கு தொலைபேசி எண்கள். அந்த நான்கு பேரிடம் இன்றும் பேசுகிறேன். சிக்கலான கடிதம் எதையும் அனுப்புவதற்கு முன் அவர்களில் ஒருவருக்குப் படித்துக் காட்டுகிறேன். அதுவே பெரிய லாபம்தான், மறுக்கவில்லை.

எஸ். ஆர். ரங்கநாதன் கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிறார். வேலை பிடிக்கவில்லை, வகுப்பறைக்கே திரும்பிவிட நினைக்கிறார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைக்கிறார்கள். போனவர் அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்க்கிறார், 1925இல் திரும்புகிறார். 1931இல் நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வருகின்றன, 1933இல் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்பு முறை. அவருடைய மேதைமையை விட்டுவிடுவோம், அது நமக்குக் கிடைக்காது. கவனிக்க வேண்டியது வேறொன்று: அவர் திரும்பி வந்து உட்கார்ந்தது தலைமை நாற்காலியில். பார்த்துவந்ததைச் செய்துபார்க்க அவருக்கு ஒரு நூலகமே இருந்தது. எனக்கு இருந்தது ஒரு கோப்பு.

இன்னொரு விஷயத்தை யாரும் வெளியே பேசுவதில்லை. ஐந்து நாள் வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் பெற்றோர் என்று காரணங்கள். விடுதிப் பயிற்சிக்குப் பெயர் கேட்கும்போது இவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள், 'ஆர்வமில்லை' என்று பதிவாகிறது. ஆட்களை அனுப்பும் இடத்தில் இருப்பவர்கள் இதை ஒருமுறை விசாரித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நீண்டகாலப் பயிற்சி. அமெரிக்க நூலகச் சங்கம் 2007இல் தொடங்கிய வளரும் தலைவர்கள் திட்டம் இந்த வகை. சிறு குழுக்களாகப் பிரிந்து, சில மாதங்கள் இணையவழி ஒரு வேலையைச் செய்து முடித்து, ஆண்டு மாநாட்டில் காட்ட வேண்டும். கேட்ஸ் அறக்கட்டளை 2011இல் பொது நூலகர்களுக்காகத் தொடங்கிய இனெலி வலையமைப்பும் இணையவழிப் பாடம், நேர்ச் சந்திப்பு இரண்டையும் கலந்ததுதான். பின்னாளில் தெற்காசியா உட்படப் பல வட்டாரங்களுக்கு அது பரவியது. இவற்றின் வேரைத் தேடினால் நூலகத்துக்குள் இருக்காது, நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கும். 1940களின் பிற்பாதியில் பிரிட்டனின் சுரங்க வாரியத்தில் கல்விப் பொறுப்பில் இருந்த ரெக் ரெவான்ஸ், சுரங்க மேலாளர்களுக்கு விரிவுரை எதற்கு, அவரவர் சிக்கலை எடுத்துக்கொண்டு ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கட்டும் என்றார். தெரிந்த விடையைக் கற்பிப்பது ஒன்று, விடை தெரியாத கேள்வியோடு சேர்ந்து உட்காருவது வேறொன்று என்பது அவர் பிடித்த பிடி.

நான் சேர்ந்த ஒன்பது மாதப் பயிற்சி பார்ப்பதற்கு எந்தக் கவர்ச்சியும் இல்லாதது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாலை ஒன்றரை மணி நேரம். பாதி அமர்வுகளுக்கு நான் நூலகத்திலிருந்தே கலந்துகொண்டேன். பின்னால் அலமாரி தெரியும், நடுவில் யாராவது கதவைத் தட்டுவார்கள். ஆறு பேர் குழுவில் இருவர் நாலாவது மாதத்தில் காணாமல் போனார்கள். கோபித்துக்கொண்டு போகவில்லை, வேலையில் மூழ்கிவிட்டார்கள். இந்த வகையின் பெரிய பலவீனம் இதுதான்: அன்றாட வேலை பக்கத்திலேயே நின்று கையைப் பிடித்து இழுக்கும்.

ஆனால் ஒவ்வொரு அமர்வும் ஒரே கேள்வியோடு தொடங்கும்: 'போனதடவை செய்யப்போவதாகச் சொன்னதைச் செய்தீர்களா?' ஒன்பது மாதப் பயிற்சியின் சாரம் அந்த ஒரு வரி. நான் எடுத்துக்கொண்டது தாமதக் கட்டணம். சிகாகோ பொது நூலகம் 2019இல் தாமதக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டது, நாமும் எடுத்துவிடலாம் என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். முதல் அமர்விலேயே நிறுத்தினார்கள். 'உங்கள் நூலகத்தில் கட்டணம் பாக்கி வைத்துவிட்டு வராமலே போனவர்கள் எத்தனை பேர்?' தெரியாது. 'எண்ணிவிட்டு வாருங்கள்.' எண்ண ஒரு மாதம் ஆனது. அதில் குழந்தைகள் பிரிவின் உறுப்பினர்கள்தான் அதிகம் என்று தெரிந்தது. பாக்கி வைத்தது பெற்றோர், வராமல் போனது பிள்ளைகள். அடுத்து இரவல் மேசை ஊழியர்களிடம் பேசச் சொன்னார்கள். கட்டணத்தை எடுத்தால் புத்தகமே திரும்பாது என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தப் பயத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது, தொலைந்த நூலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே. கடைசியில் நூலகக் குழுவுக்குப் போனபோது கட்டணம் முழுவதையும் எடுக்க ஒப்பவில்லை. குழந்தை நூல்களுக்கு மட்டும் ஓராண்டு சோதனை முறையில் என்று முடிவாயிற்று. நான் கேட்டதில் கால்வாசிதான். அந்தக் கால்வாசி நடைமுறைக்கு வந்தது, பதினோரு பக்கம் வரவில்லை.

இரண்டில் ஒன்று என்று கேட்டால் நீண்ட பயிற்சியைத்தான் சொல்வேன், ஒரு விதிவிலக்கோடு. தனியாளாக ஒரு நூலகத்தை நடத்துபவராக இருந்தால் விடுதிக்குப் போங்கள். உங்களுக்குக் கருத்தரங்கமும் திட்டப்பணியும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதே வேலையை இதே தனிமையில் செய்யும் நாலு பேரை முகம் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் முதல் தேவை.

பொதுவான மேலாண்மைப் பயிற்சிக்கு, அதாவது நூலகர்களுக்கென்று இல்லாமல் எல்லாத் துறையினரும் வரும் பயிற்சிக்குப் போகலாமா? நண்பர் ஒருவர் போனார். பக்கத்து இருக்கையில் மருத்துவமனை நிர்வாகி ஒருவர். 'உங்கள் நூலகத்தை ஒரு மாதம் மூடிவிட்டால் முதலில் யார் சண்டைக்கு வருவார்கள்?' என்று சும்மா கேட்டிருக்கிறார். நண்பர் ஊர் திரும்பும்வரை அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தாராம். நூலகர்கள் மட்டும் கூடும் இடத்தில் நூலகம் அவசியமா என்று யாரும் கேட்பதில்லை, எல்லாரும் ஏற்கெனவே நம்புகிறவர்கள். நிதி ஒதுக்குபவர்களோடு அடிக்கடி பேச வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இந்த வகை பயன்படும். மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

பயிற்சியே வேண்டாம், வேலையிலேயே கற்றுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் எழுபது, இருபது, பத்து என்று ஒரு கணக்குக் காட்டுவார்கள். கற்பதில் எழுபது பங்கு வேலையில், இருபது பிறரிடம், பத்துதான் வகுப்பறையில் என்று. 1980களில் அமெரிக்காவின் படைப்பாற்றல் தலைமை மையத்தில் மேலாளர்களிடம் 'எதிலிருந்து கற்றீர்கள்' என்று கேட்டுத் தொகுத்ததிலிருந்து வந்த கணக்கு அது. அவரவர் நினைவிலிருந்து சொன்னது, தராசில் நிறுத்தது அல்ல. அதை வைத்துப் பயிற்சிச் செலவை வெட்ட வருபவர்களிடம் கவனமாக இருங்கள்.

ஆனாலும் வேலையில் கற்பது உண்மைதான். தலைமை நூலகர் மூன்று மாத விடுப்பில் போகும்போது பொறுப்பு பார்ப்பதைப்போல ஒரு பள்ளிக்கூடம் கிடையாது, கையெழுத்து போடும் அதிகாரமும் சேர்ந்து வந்தால். என் காலத்தில் பொறுப்பு வந்தது, கையெழுத்து வரவில்லை. ஒரு பைண்டிங் ரசீதுக்குக்கூட வேறொருவரிடம் ஓட வேண்டியிருந்தது. அதில் கற்றது ஓடுவதை மட்டும்தான். பொறுப்பு பார்க்கச் சொன்னால், எதுவரை நான் கையெழுத்திடலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு வெளியே ஒரு மூத்தவரைப் பிடித்து மாதம் ஒருமுறை பேசினால், எந்தச் சான்றிதழும் இல்லாமல் பாதிப் பயிற்சி முடிந்துவிடும். அந்த மூத்தவர் உங்கள் மேலதிகாரியாக இருக்கக்கூடாது.

விண்ணப்பிக்கும் முன் ஏற்பாட்டாளர்களிடம் மூன்று விஷயம் விசாரியுங்கள். எத்தனை பேர்? முப்பதைத் தாண்டினால் அது சொற்பொழிவுதான். நடத்துபவர்களில் யாராவது நூலகம் நடத்தியிருக்கிறார்களா? முடிந்த பிறகு மூன்றாம் மாதத்தில் யாராவது கூப்பிட்டுக் கேட்பார்களா? ஒரே நூலகத்திலிருந்து இரண்டு பேர் சேர்ந்து போக முடிந்தால் இன்னும் நல்லது. தனியாகத் திரும்பி வருபவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், இரண்டு பேரைப் பார்த்துச் சிரிப்பது கொஞ்சம் கஷ்டம். அப்புறம், உங்களை ஏன் அனுப்புகிறார்கள் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் பரிசாக அனுப்புவார்கள், சில இடங்களில் 'இவரைத் திருத்தி அனுப்புங்கள்' என்று அனுப்புவார்கள். இரண்டாவது வகை என்று தெரிந்தால் போகாமல் இருப்பது உத்தமம்.

ஆளுமையை நான்கு எழுத்தில் அடக்கும் சோதனை வைத்தால் விளையாட்டாக எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஊழியர்களுக்கெல்லாம் மனதுக்குள் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் முதுகில் எண் ஒட்டத் தோன்றுவது நம் தொழில் வியாதி.

போன மாதம் எங்கள் உதவி நூலகர் இரண்டு அறிவிப்புகளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். ஒன்று ஐந்து நாள், மற்றது எட்டு மாதம். மேலே எழுதியதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நான் முடித்துவிட்டு வந்ததும் எந்தக் கோப்பை என்னிடம் கொடுப்பீர்கள்?' என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரவல் விதிகள் கோப்பு என்று சொல்ல நாக்கு எழுந்தது, அதை விட மனம் வரவில்லை. பத்து ஆண்டாக நானே திருத்தி வைத்திருப்பது. இரண்டு நாள் கழித்து அதை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். விண்ணப்பத்தில் கையெழுத்து போட்டது அதற்கப்புறம்தான்.